கல்யாண போட்டோவை யாரிடம் ஒப்படைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக்கும் தைக்கும் ஆள் பிடிக்கிற மாதம் இதுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போட்டோகிராபரைப் பற்றியே இருந்தன. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, தை மாதம் எனக்குக் கல்யாணம். இன்ஸ்டாகிராமில் தேடி ஐந்து பேரைக் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து பேர் படங்களும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன. இதில் ஒருவரை எப்படி முடிவு செய்வது? (வாசகி, சேலம்)

ஒரே மாதிரி தெரிவதில் ஆச்சரியம் இல்லை, தங்கச்சி. அங்கே போடுவதெல்லாம் வருடம் முழுக்க எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் பொறுக்கி எடுத்தவை. சாயங்கால வெயில், நல்ல மேக்கப், பின்னால் ஒரு பழைய வீடோ தென்னந்தோப்போ இருந்துவிட்டால் ஓரளவு கை பழகிய யாருக்கும் நல்ல படம் விழும். உங்கள் முகூர்த்தம் அப்படி நடக்கப் போவதில்லை. நாலரை ஆறு முகூர்த்தமாக இருந்தால் வெளியே இன்னும் இருட்டு, மேடையில் ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, இன்னொரு பக்கம் அலங்காரக்காரர் வைத்த ஊதா எல்.இ.டி., நடுவில் ஹோமப் புகை, சுற்றி நெருக்கியடித்து நிற்கிற சொந்தக்காரர்கள். அந்த இடத்தில் அவர் என்ன எடுக்கிறார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

அதனால் ஐந்து பேரிடமும் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். சமீபத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். டீசரோ ஹைலைட்ஸோ இல்லை, அந்த வீட்டுக்கு டெலிவரி கொடுத்த எல்லாப் படங்களும், முதலிலிருந்து கடைசி வரை. அது உங்கள் கல்யாணம் போன்ற கல்யாணமாகவும் இருக்க வேண்டும். நீங்கள் விடியற்காலை மண்டபத்தில் கட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மாமல்லபுரம் கடற்கரையில் பகல் வெளிச்சத்தில் எடுத்த கல்யாணத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு அவர் ஆபீஸில் உட்கார வைத்துக் காட்டினால் போதும், உங்கள் போனுக்கு அனுப்பக் கேட்காதீர்கள், அது அடுத்த வீட்டுக் கல்யாணம்.

பார்க்கும்போது தாலி கட்டுகிற நேரத்துப் படங்களை வரிசையாகப் பாருங்கள். கெட்டிமேளம் என்று சொன்னதிலிருந்து மூன்று முடிச்சும் விழுகிற வரை பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் தாலி இருக்கிறது, பெண் முகம் இருக்கிறது, முடிச்சுப் போடக் குனிகிற நாத்தனார் இருக்கிறார், அட்சதை பறக்கிறது, இது எல்லாவற்றுக்கும் ஓரமாகப் பெண்ணைப் பெற்றவர்கள் நிற்கிறார்கள். தாலியை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அப்பா முகமும் அம்மா முகமும் எப்படி இருந்தன என்று ஒரு படமாவது அந்த செட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அவர் கல்யாணத்தைப் புரிந்துகொண்டு எடுக்கிறவர் என்று அர்த்தம், மற்ற குறைகளைக்கூட மன்னிக்கலாம். அப்புறம் பந்தியை, நலங்கை, மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறவர்களைப் பாருங்கள். ஹைலைட்ஸில் வராத இடங்களில் கவனம் எப்படி இருக்கிறது என்பதில்தான் ஆள் தெரியும்.

அடுத்தது, உங்கள் கல்யாணத்துக்கு யார் வருவார்? நல்ல முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ மூன்று நான்கு கல்யாணம் பிடிப்பது இங்கே சாதாரணம். ஸ்டுடியோ பெயரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள், விடியற்காலை கேமராவோடு வந்து நிற்பவரை அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல டீம் வைத்திருக்கிற ஸ்டுடியோக்கள் உண்டு. ஆனால் வரப் போகிறவர் பெயர் என்ன, அவர் எடுத்த முழுக் கல்யாணம் எது என்று கேட்டு அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கிற கேள்விகளைவிட அவர் உங்களைக் கேட்கிற கேள்விகள் முக்கியம். எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, உங்கள் வழக்கத்தில் என்னென்ன சடங்கு என்று அவர் கேட்க வேண்டும். ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் காசி யாத்திரை, ஊஞ்சல், அப்பா மடியில் பெண் உட்கார்ந்திருக்கத் தாலி கட்டுவது என்று ஒரு வரிசை. கொங்குப் பக்கம் அருமைக்காரர் நடத்தி வைக்கிற சீர்கள் வேறு வரிசை. சர்ச் கல்யாணத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் எதுவரை போகலாம் என்று ஃபாதரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டியிருக்கும். இதையெல்லாம் கேட்காமல் நேராகப் பேக்கேஜ் விலைக்குப் போகிறவரிடம் நான் என் வீட்டுக் கல்யாணத்தைக் கொடுக்க மாட்டேன்.

ஒருவர் 65,000 சொல்கிறார், இன்னொருவர் 1,80,000 சொல்கிறார். இரண்டு பேரும் "போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் உண்டு" என்கிறார்கள். கேண்டிட் வேண்டும் என்று மகள் பிடிவாதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? (ஒரு தந்தை, கும்பகோணம்)

ஐயா, "எல்லாம் உண்டு" என்ற வார்த்தையை விட்டுவிட்டு எத்தனை ஆள் வருகிறார்கள் என்று கேளுங்கள். குறைந்த விலை சொன்னவர் அனேகமாக ஒரு போட்டோ, ஒரு வீடியோ என்று இரண்டு பேரை அனுப்புவார். கூடச் சொன்னவர் டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று நான்கு பேரும் லைட் பிடிக்க ஒரு பையனும் அனுப்புவார். விலையில் பெரும்பகுதி இந்த ஆட்களும், அவர்கள் எடுத்ததை உட்கார்ந்து எடிட் செய்கிற நாட்களும்தான். கல்யாணம் இரண்டு நாளில் முடிந்துவிடும், எடிட்டிங் வாரக்கணக்கில் ஓடும்.

டிரடிஷனல் என்பது மேடையில் நேராக நின்று, வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி எடுப்பது. கேண்டிட் என்பது யாரையும் நிறுத்தாமல், சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. மகள் கேண்டிட் கேட்பது நியாயம். பத்து வருடம் கழித்து அவர் எடுத்துப் பார்க்கப் போவது அதைத்தான். ஆனால் டிரடிஷனலைக் கைவிட்டுவிடாதீர்கள். பஸ் பிடித்து வந்து, அரை மணி நேரம் வரிசையில் நின்று, மேடை ஏறிக் கவர் கொடுத்துவிட்டுப் போகிற சொந்தக்காரர் ஆல்பத்தில் தன் முகத்தைத் தேடுவார். அவருக்கு ஒரு நல்ல படம் இருப்பது மரியாதை. இரண்டும் இரண்டு ஆள் செய்கிற வேலை, ஒருவரே இரண்டையும் செய்கிறேன் என்றால் மேடையில் கூட்டம் சேர்ந்ததும் கேண்டிட் நின்றுபோகும்.

பணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இப்படிக் குறையுங்கள். டிரோன், ஜிம்மி ஜிப் என்கிற கேமரா கிரேன், எல்.இ.டி. திரை, காலண்டர், கப், சாவிக்கொத்து, இரண்டாவது ஆல்பம் எல்லாம் போகட்டும். பிரீ-வெட்டிங் ஷூட் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் அதையும் விடலாம். ரிசப்ஷனுக்குக் கேண்டிட் வீடியோவை விடலாம். முகூர்த்தத்துக்கு மட்டும் ஆளைக் குறைக்காதீர்கள், அது திரும்ப நடக்காது.

கொட்டேஷனை இருவரிடமும் எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆல்பம் என்ன அளவு, எத்தனை ஷீட் என்று இருக்க வேண்டும். ஷீட் கணக்கு வேறு, பக்கக் கணக்கு வேறு, விரித்தால் ஒரு ஷீட் இரண்டு பக்கம், நிறைய சண்டை இந்த இடத்தில்தான் வருகிறது. சொன்னதுக்கு மேல் ஒரு ஷீட் கூடினால் எவ்வளவு? எடிட் செய்த படங்கள் எத்தனை, மீதியும் கைக்கு வருமா? வெளியூர் என்றால் வண்டி, ரூம் யார் செலவு? ராத்திரி எத்தனை மணி வரை? ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஸ்டுடியோ என்றால் 18 சதவீதம் மேலே வரும், அது சொன்ன விலைக்குள் சேர்ந்ததா இல்லையா என்பதையும் கேளுங்கள். 1,80,000க்கு 18 சதவீதம் என்றால் 32,400 ரூபாய், கடைசியில் கேட்டால் திடுக்கிடும்.

அட்வான்ஸாகக் கால்பங்கு, கல்யாணத்தன்று ஒரு பெரும் பங்கு, ஆல்பம் கைக்கு வரும்போது மீதி என்று பிரித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நியாயம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறவரிடம் போகாதீர்கள். அதே சமயம் கல்யாணம் முடிந்ததும் கணக்கில் ஐயாயிரம் பத்தாயிரம் பிடித்துக்கொள்கிற பழக்கமும் வேண்டாம் ஐயா, அந்த எடிட்டிங் யார் கையில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விலை சம்பந்தப்பட்டது இல்லை. ரிசப்ஷன் முடியப் பத்து மணி, பதினொரு மணி ஆகும், விடியற்காலை நான்கு மணிக்கு அதே ஆட்கள் திரும்பக் கேமரா தூக்க வேண்டும். மண்டபத்தில் அவர்களுக்குப் படுக்க ஒரு ரூமும், பந்தி முடிந்துபோவதற்குள் சாப்பாடும் சொல்லி வையுங்கள். தூங்காத கண் ஃபோகஸைத் தவறவிடும்.

நான் நல்ல கறுப்பு. அக்கா கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தை வெளுப்பாக்கி மொழுமொழுவென்று ஆக்கிவிட்டார்கள், அது அவளே இல்லை. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதைச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா? (வாசகி, திருநெல்வேலி)

தப்பாக நினைக்கிறவர் உங்களுக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது, எழுதிய உங்கள்மேல் இல்லை, எங்கள் தொழிலின்மேல். நம் ஊரில் பாதிப் பேருக்கு மேல் இந்த நிறம்தான். அந்த முகத்தை அந்த முகமாக எடுக்கத் தெரியாதவர் தனக்கு வேலை தெரியும் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இதில் தொழில் விஷயமும் இருக்கிறது. கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது எதிரே உள்ளதை எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாப்பிள்ளை பட்டுவேட்டி சட்டையில் வெள்ளையாக நிற்கிறார், ஜரிகையும் நகையும் பளபளக்கின்றன, அதனால் முகம் இருண்டு விழும். அப்புறம் கம்ப்யூட்டரில் அந்த முகத்தைத் தூக்கி வெளுப்பாக்குவார்கள், வெளுத்ததும் தோல் சாம்பல் பூத்தது போல் தெரியும், அதை மறைக்க மொழுமொழுப்பாக்குவார்கள். கை தேர்ந்தவர் எடுக்கும்போதே முகத்துக்கு வெளிச்சம் பார்ப்பார், பிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் பக்கத்திலிருந்து மெதுவாக வரவைப்பார், வேட்டியின் மடிப்பும் கெடாது. அப்படி எடுத்த கறுப்பு முகம் எவ்வளவு களையாக இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே போட்டோகிராபரிடம் உங்கள் நிறத்தில் உள்ள மணப்பெண்ணின் முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆல்பத்தில் முகமும் கையும் ஒரே நிறமா என்று பாருங்கள். முகம் ஒன்றாகவும் கை ஒன்றாகவும் இருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. ஒப்பந்தத் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: தோல் நிறத்தை மாற்றக் கூடாது, பரு, கீறல் போன்றவற்றை மட்டும் எடுக்கலாம். மொத்தத்தையும் எடிட் செய்வதற்கு முன் ஒரு பத்துப் படத்தை முடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி, சரி என்று நீங்கள் சொன்ன பிறகு மீதியைச் செய்யச் சொல்லுங்கள். மேக்கப் போடுகிறவரிடமும் இதையே சொல்ல வேண்டும், கழுத்துக்கு ஒத்துப்போகாத ஃபவுண்டேஷனை முகத்தில் பூசிவிட்டால் எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டில் யாராவது "கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க தம்பி" என்று போட்டோகிராபரிடம் ரகசியமாகச் சொல்வார்கள். அது நடக்கும், எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆல்பம் விஷயத்தில் என் பேச்சு மட்டும்தான் என்று நீங்கள் முதலிலேயே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. வீட்டில் நடந்த இரண்டு கல்யாண ஆல்பத்திலும் அவர்கள் ஓரமாகத் தலை வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறார்கள். இந்த முறை எப்படிச் சொல்வது? (வாசகர், காரைக்குடி)

போட்டோகிராபருக்கு அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரும் புதுமுகம். யார் ஆயா, யார் பக்கத்து வீட்டுப் பாட்டி என்று அவருக்குத் தெரியாது. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று முகம் தெரிந்த இரண்டு பேரை அவரோடு விடுங்கள். அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், மொய் எழுதுகிறவரையோ பந்தி கவனிக்கிறவரையோ இதற்குச் சொன்னால் நடக்காது. கட்டாயம் எடுக்க வேண்டிய குடும்பப் படங்களை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போக வேண்டாம்.

பெரியவர்களை முதலில் எடுங்கள். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்கு ஓடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும். மேடை ஏற முடியாதவர்களை ஏற்றிக் கஷ்டப்படுத்தாமல் பொண்ணு மாப்பிள்ளையைக் கீழே கூட்டிவந்து, நாற்காலியில் அவர்களை உட்காரவைத்துப் பக்கத்தில் இருவரும் குனிந்தோ உட்கார்ந்தோ எடுத்தால் அதைவிட நல்ல படம் அந்தக் கல்யாணத்தில் இருக்காது.

ஆயாவைத் தனியாகவும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். நல்ல பட்டுக் கட்டி, சிரித்த முகமாகப் பெரியவர்கள் இருக்கிற நாள் வீட்டில் இதுபோல் அடிக்கடி வராது. வருடங்கள் கழித்துப் பழைய வீடுகளிலிருந்து எங்களுக்கு வருகிற போன்களில் அதிகம் இதற்காகத்தான் வருகிறது. பெரியவர் தவறிவிட்டார், கல்யாணத்தில் எடுத்தது ஒன்று இருக்குமா, மாலை போட ஒரு நல்ல படம் இல்லை என்பார்கள்.

தாலி கட்டுவது திருப்பரங்குன்றத்தில், விருந்து மண்டபத்தில். கோயிலுக்குள் கேமரா விடுவார்களா? (வாசகி, மதுரை)

முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் அங்கே முகூர்த்த நாளில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், உங்கள் ஜோடிக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. கல்யாணத்துக்குப் பதிவு செய்யப் போகும்போதே கோயில் அலுவலகத்தில் எத்தனை கேமரா, எந்த இடம் வரை, கட்டணம் என்ன என்று கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். மூலவர் சந்நிதியில் எடுக்க முடியாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு போட்டது, அதனால் சொந்தக்காரர்கள் போனில் எடுத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். அந்தக் கோயிலில் முன்பு கல்யாணம் எடுத்தவராகப் பாருங்கள், அவருக்கு எங்கே நிற்க விடுவார்கள் என்பது தெரிந்திருக்கும். நான்கு பேர் டீம் அங்கே வேலைக்கு ஆகாது, மங்கலான வெளிச்சத்தில் நெருக்கத்தில் எடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். மீதிப் பேரை மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள்.

பல்லாவரத்தில் மண்டபம். பேக்கேஜில் டிரோன் இலவசம் என்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, தொழிலுக்காக 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனை ஓட்டுகிறவருக்குச் சான்றிதழும் வேண்டும். எந்த இடம் எந்த மண்டலம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். மண்டபக் கூரையையும் நிறுத்தியிருக்கிற கார்களையும் மேலிருந்து பார்க்க இவ்வளவு தலைவலி எதற்கு?

மாப்பிள்ளையின் நண்பர் நல்ல கேமரா வைத்திருக்கிறார். கல்யாணப் பரிசாக இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். (வாசகி, ஈரோடு)

அவரை நண்பராக வரச் சொல்லுங்கள். தோழனின் கல்யாணத்தில் மேடையில் கூட நிற்க வேண்டியவர் அவர். இலவசமாகச் செய்கிறவரிடம் ஆல்பம் எப்போது வரும் என்று கேட்க வாய் வராது, கேட்டால் நட்பு கெடும். தவிர, கல்யாணம் எடுக்கப் போகிறவரிடம் இரண்டு கேமராவாவது இருக்க வேண்டும், ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று. கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருந்து, எடுக்கிற படம் இரண்டிலும் பதிய வேண்டும். அவரிடம் அப்படி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆசையாகக் கேட்கிறார் என்றால் நலங்கையோ பந்தக்கால் நடுவதையோ அவர் எடுக்கட்டும். வீட்டு ஆள் எடுத்தால் அந்தப் படங்களில் எல்லோரும் இயல்பாக இருப்பார்கள்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம். ஆல்பம் வரவில்லை, போட்டோகிராபர் போனை எடுப்பதில்லை. போதாததற்கு எங்களைக் கேட்காமல் எங்கள் படங்களைத் தன் ஆன்லைன் பக்கத்தில் போட்டிருக்கிறார். (தம்பதி, வேலூர்)

முதலில் ஒன்று. ஆல்பத்துக்கு எந்தப் படங்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டீர்களா? தாமதத்தில் ஒரு பெரும்பகுதி இங்கே நின்றுபோவது, பல ஆயிரம் படத்தைப் பார்த்து நூற்றைம்பது இருநூறு பொறுக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அனுப்பியாகிவிட்டது என்றால் தப்பு அவர் பக்கம்தான்.

நேரில் போங்கள், கையில் ஒரு புது ஹார்ட் டிஸ்க்கோடு. ஆல்பம் பிறகு வரட்டும், எடுத்த படங்களையும் வீடியோவையும் முதலில் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். சண்டை வேண்டாம், படம் அவரிடம் இருக்கிற வரை பொறுமையாகப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன வரவில்லை என்பதை எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், அதிலும் புகார் சொல்லலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அங்கே நீங்களே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

படங்களைப் போட்டது பற்றி: 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லை என்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இப்படி எடுத்த வீடியோவுக்கும் அதே விதிதான். அதனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் "விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் போட்ட படங்களை நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, அந்த நோட்டீஸிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். இனி கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், படம் போடாமல் எங்கள் தொழில் நடக்காது, அதனால் நாங்கள் காட்டிச் சம்மதம் வாங்கிய படங்களை மட்டும் போடலாம், குழந்தைகள் படம் வேண்டாம் என்று முன்பே எழுதிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

எங்கள் கல்யாணம் 1991இல். வீடியோ கேசட் மட்டும் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. மகன் கல்யாணத்துக்குக் கொடுக்கப் போகிற பென் டிரைவும் நாளைக்கு இப்படி ஆகிவிடுமா? (வாசகி, நாகர்கோவில்)

ஆகும், அம்மா. வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழைய மெஷின்கள்தான், அதனால் கேசட்டை இந்த வருடமே மாற்றிவிடுங்கள். முதலில் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூசினாற்போல் இருந்தால் பூஞ்சை, கடலோர ஊர்களில் பீரோவுக்குள் வைத்த கேசட்டுகளுக்கு அது வந்துவிடும். அதை யார் வீட்டு டெக்கிலும் போட்டுப் பார்க்க வேண்டாம், டேப்பும் போகும், மெஷினும் போகும். சுத்தம் செய்து மாற்றித் தருகிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள், மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மகன் கல்யாணத்துக்குப் பென் டிரைவில் வருவதை வந்த அன்றே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று சம்பந்தி வீட்டில் இருக்கட்டும். முடிந்தால் இன்டர்நெட்டிலும் ஒரு காப்பி. போட்டோகிராபரிடம் எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், டிஸ்க் நிறைந்ததும் பழைய கல்யாணங்களை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை மாதம் வைத்திருப்பார் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டு, கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.